பொது என்றால் பில் மட்டும்தானா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மங்கலம் நால்ரோட்டில் பஸ் ஏறி, திருப்பூரில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். எந்தக் குடியிருப்பு என்பது இங்கே முக்கியமில்லை. ஓடைக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டிருந்த நம் சனங்களைக் கொண்டுபோய் வைத்த கட்டடம் என்றால் உங்களுக்குப் புரியும்.

படிக்கட்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல். வீட்டு எண், பெயர், தொகை. அதில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் பெயரும் இருந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வாரச் சம்பளம். வீட்டுக்காரர் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

"கட்டமாட்டேன்னு நான் சொல்லவே இல்ல தம்பி. எங்க மாடிப்படில லைட்டு எரிஞ்சு ஏழு மாசம் ஆச்சு. தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஏறுது. எதுக்கு இந்தக் காசுன்னு கேட்டேன். பொதுச் செலவுன்னாங்க. அந்தப் பொதுவுல நான் இருக்கேனா இல்லையான்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லல. பேரை எழுதி ஒட்டிட்டாங்க."

அந்தப் பொதுவில் நான் இருக்கிறேனா இல்லையா? அக்கா கேட்ட இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

'பொது' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஊர்ப் பொதுக்கிணறு, பொதுச் சுடுகாடு, பொதுப் பாதை என்று எல்லாம் இருந்தன, நாம் அவற்றுக்கு வெளியே இருந்தோம். 1927-இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்க பாபாசாகேப் போனது எதற்கு? அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் பொது, கரையில் சாதி. நூறு வருடம் ஆகப்போகிறது. இப்போது நம் வீட்டுக் கதவில் 'பொது' என்று எழுதிய காகிதம் ஒன்று வந்திருக்கிறது. அது பில்.

எதற்கு இந்தக் கட்டணம்?

1970-இல் தொடங்கிய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. அதே ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி கோவைக்கு வந்த பிரதமர், பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தில் கட்டிய 4,144 குடியிருப்புகளைத் திறந்து வைத்தார். அவற்றில் வீரபாண்டியில் 1,280, திருக்குமரன் நகரில் 1,248. இரண்டும் திருப்பூரில். மதுரை ராஜாக்கூரும் திருச்சி இருங்களூரும் சேர்த்து நான்கு இடங்களுக்கும் ஆன செலவு சுமார் 332 கோடி ரூபாய். இந்தத் தொகை எல்லா நாளிதழிலும் வந்தது. கட்டிய பிறகு அதை மாதாமாதம் யார் காசில் ஓட்டுவது என்பது எந்தத் திறப்பு விழாவிலும் பேசப்படுவதில்லை.

அடுக்குமாடி என்றால் குடிசையில் இல்லாத செலவுகள் வரும். மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், கூட்டிப் பெருக்குவது, குப்பை அள்ளுவது, தொட்டி கழுவுவது, கழிவுநீர் அடைப்பு எடுப்பது. இவை ஒரு வீட்டுக்குச் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. அதனால் எல்லோரும் பகிர்ந்து கொடுங்கள் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சென்னைக்கு வெளியே பெரும்பாக்கத்தில், தரைத்தளமும் ஏழு மாடியும் கொண்ட கட்டடங்களில், மாதம் 750 ரூபாய் என்று கேட்டார்கள். நகரத்து வேலையை விட்டுப் பல கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் போடப்பட்டவர்களிடம் கேட்ட தொகை அது.

மங்கலம் பக்கம் லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கம். ஒரு வரிசையில் எட்டு வீடு, கடைசியில் இரண்டு கக்கூஸ். வாடகை போக, தண்ணிக் காசு தனி, மோட்டார் காசு தனி. வீட்டுக்காரர் ஒரு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை. அரசு கொடுக்கும் 100 யூனிட் இலவச மின்சாரம் அந்த எட்டு வீட்டுக்குள் வந்து சேராது. கணக்குக் கேட்டால் "இஷ்டமிருந்தா இரு, இல்லைன்னா காலி பண்ணு" என்பார். அதுவும் நமக்கு வீடு கொடுத்தால்தானே! சாதி கேட்டு, "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று கதவைச் சாத்தியவர்கள்தான் அதிகம்.

அதனால் அரசுக் குடியிருப்பு என்றதும் நம் சனம் ஒரு பெருமூச்சு விட்டது. இனி வீட்டுக்காரர் கிடையாது, கணக்கு வெளிப்படையாக இருக்கும் என்று நம்பியது. அந்த நம்பிக்கை வீண்போகக் கூடாது.

மாடி யார் கேட்டது?

குடிசை தரையில் இருந்தது. தண்ணீர் மேலே ஏற வேண்டியதில்லை, நாமும் ஏற வேண்டியதில்லை. நகரத்தின் நடுவில் அந்தத் தரை விலை உயர்ந்ததும் காலி செய்யச் சொன்னார்கள். மாற்றிடம் தரும்போதும் எல்லோருக்கும் தரை கொடுக்க அரசுக்கு மனமில்லை. ஒருவர் தலைக்கு மேல் ஒருவரை அடுக்கி நிலத்தை மிச்சம் பிடித்தது. யாருக்கு எந்த மாடி என்பதைக் குலுக்கலில் போட்டார்கள். மூட்டுவலி உள்ள கிழவிக்கு மேல்மாடி விழுந்தால் அது அவர் விரும்பி வாங்கியதல்ல.

அப்படியானால் லிஃப்ட்டும் மோட்டாரும் சொகுசுச் செலவு ஆகாது. நம்மை உயரத்தில் வைத்ததால் வந்த செலவு அது. நிலத்தை மிச்சம் பிடித்தது அரசு, அந்த மிச்சத்துக்கு மாதத் தவணை கட்டுவது நாம்.

பில்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று வகைச் செலவு இருக்கும். ஒன்று, அன்றாடம் ஓடும் செலவு: விளக்கு, மோட்டார், கூட்டுதல். இதில் ஒரு பங்கை நாம் தரலாம். இரண்டு, பெரிய பழுது: லிஃப்ட் மாற்றுவது, குழாய் முழுக்க மாற்றுவது, மேல்தளத்தில் ஒழுக்கு அடைப்பது. இது கட்டடத்தின் ஆயுளைக் காக்கும் செலவு, கட்டியவரின் பொறுப்பு. மூன்று, கட்டும்போதே செய்த தவறு. இதற்கு நாம் ஒரு ரூபாயும் தரத் தேவையில்லை. ஒப்பந்ததாரரின் சட்டையைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது வகை கற்பனை என்று நினைக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் குடியேறியவர்கள் கையால் தொட்டதும் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை மாநிலமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஐ.ஐ.டி. நிபுணர்களை வரவழைத்துக் கட்டடத்தைச் சோதிக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு பழைய தொகுதி இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து சனங்கள் முன்பே வெளியே ஓடிவந்ததால் உயிர் தப்பியது. அங்கே முதலில் ஆபத்தைக் கண்டது குடியிருந்தவர்களின் கண்தான்.

இந்த மூன்று செலவையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பராமரிப்பு' என்று பெயர் வைத்தால் எது யார் பொறுப்பு என்பது மறைந்துவிடும். காசு கேட்கும்போது நம்மை உரிமையாளர் என்கிறார்கள்: உங்கள் வீடு, உங்கள் பொறுப்பு. நாம் கேள்வி கேட்கும்போது பயனாளி ஆகிவிடுகிறோம்: கொடுத்ததை வாங்கிக்கொண்டு இருங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர், இரண்டுமே அவர்கள் வசதிக்கு.

கரண்டு பில்லைக் கையில் எடுங்கள்

2022 செப்டம்பர் வரை அடுக்குமாடிகளின் மாடிப்படி விளக்குக்கும் மோட்டாருக்கும் லிஃப்ட்டுக்கும் வீட்டுக் கட்டண வீதமே இருந்தது. அந்த மாதம் வந்த புதிய கட்டணத்தில் பொதுப் பயன்பாட்டுக்குத் தனிப் பிரிவு போட்டு, யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். பிறகும் உயர்ந்தது. எதிர்ப்பு வந்ததும் 2023 நவம்பரிலிருந்து 5.50 ரூபாய் என்று ஒரு சலுகை கொடுத்தார்கள். யாருக்கு? 10 வீடு அல்லது அதற்குக் குறைவு, 3 மாடிக்கு மேற்படாதது, லிஃப்ட் இல்லாதது. நூற்றுக்கணக்கில் நம்மை அடுக்கி வைத்த கட்டடங்கள் இந்த அளவுக்குள் எப்படி வரும்? உங்கள் பிளாக்கின் பொது இணைப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள். நிறையப் பேர் இதுவரை அந்த அட்டையைப் பார்த்ததே இல்லை.

"எல்லாத்தையும் அரசு கொடுக்க முடியுமா? இலவசத்துக்குப் பழகிட்டீங்க" என்று நம்மைப் பார்த்துச் சொல்வார்கள். சொல்பவர்களுக்குத் திருப்பூரிலிருந்தே மூன்று பதில் இருக்கிறது.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம் இருந்தது. 2023-இல் அதை 1,000 யூனிட் ஆக்கினார்கள். நான் மங்கலத்துக்காரன். அந்தச் சலுகை இல்லாவிட்டால் எத்தனை தறி நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும், அது தப்பென்று சொல்லமாட்டேன்.

நொய்யலில் சாயம் கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பிறகு பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்துக் கைதூக்கி விட்டது. முதலாளிகள் பகிர்ந்துகொள்ள வேண்டிய பொதுச் செலவு அது. அதற்குப் பெயர் தொழில் பாதுகாப்பு. நம் மாடிப்படி விளக்குக்கு மட்டும் இலவசம் என்று பெயர்.

மூன்றாவது தண்ணீர். புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் பவானி ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தபோது, தொடக்கத்தில் தொழிற்சாலைக்கு ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய், நகராட்சிக்கு 5 ரூபாய், வழியோர ஊராட்சிகளுக்கு 3.50 ரூபாய் என்று விலை வைத்தார்கள். ஒரே குழாய், ஒரே ஆறு, கட்டச் சக்தியுள்ளவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு வேறு விலை. இந்த மண்ணிலேயே நடந்த நியாயம் இது. தண்ணீருக்குப் பொருந்தியது மாடிப்படிக்கும் பொருந்தும்.

சங்கத்தின் கையில் எதைக் கொடுக்கிறார்கள்?

'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டத்தில் குடியிருப்போர் நலச் சங்கம் அமைத்துப் பராமரிப்பை அதனிடம் கொடுக்கிறார்கள். சங்கம் திரட்டும் தொகைக்குச் சமமாக அரசும் ஒரு பங்கு போடும். சங்கம் அமைவது நல்லது, அரசு பங்கு போடுவதும் நல்லது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். நாம் கட்டினால்தான் அரசின் பங்கும் வரும் என்றால், எந்தக் குடியிருப்பில் வறுமை அதிகமோ அங்கே அரசுப் பணமும் குறைவாகப் போகும். வேலை இல்லாத மாதத்தில் லிஃப்ட்டும் நிற்கும்.

பணம் எவ்வளவு என்று ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,248 வீடு இருந்தால் மாதம் 3,74,400 ரூபாய். வருடத்துக்கு 44,92,800. அரசும் அதே அளவு போட்டால் 90 லட்சத்துக்குப் பக்கத்தில் வரும். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் சுவரில் ஒட்ட வேண்டியது வரவு செலவுக் கணக்கு. பாக்கி வைத்த விதவையின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று, இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. காசு குறைந்தால் சங்கம் எதில் கை வைக்கும்? கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்வதில். இயந்திர வண்டிக்கு வாடகை அதிகம், தெரிந்த ஆள் ஒருவரைக் கூப்பிட்டு இறக்கினால் கொஞ்சம் பணமும் ஒரு குவார்ட்டரும் போதும். அந்தத் தெரிந்த ஆள் யார்? நம் அண்ணன், நம் மாமா. அதே கட்டடத்தில் நான்காவது மாடியில் குடியிருப்பவராகக்கூட இருக்கலாம்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014-இல் உச்ச நீதிமன்றம் உயிரிழப்புக்கு 10 லட்சம் என்று வைத்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியது. பராமரிப்பை ஒரு கையெழுத்தில் சங்கத்துக்கு மாற்றிவிட்டால், நாளை தொட்டியில் ஓர் உயிர் போனால் வேலைக்கு இறக்கியவர் என்று போலீஸ் யாரைத் தேடும்? சங்கத் தலைவரை. அவரும் நம்மாள்தான். செத்தவர் நம்மாள், ஜெயிலுக்குப் போகிறவர் நம்மாள், கட்டடத்தைக் கட்டிய வாரியம் ஓரமாக நிற்கும். ஆகவே கழிவுநீர் வேலை எந்த நிலையிலும் சங்கத்தின் தலையில் வரக்கூடாது. அது உள்ளாட்சியும் வாரியமும் இயந்திரம் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. சங்கம் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வரி அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டாதே என்று சொல்லலாமா?

நம் தோழர்களில் சிலர் "ஒரு பைசா கட்டாதீங்க, பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நாம் பஸ் ஏறி வந்துவிடுவோம். பாக்கி ஏறுவது அக்கா பெயரில். ஒதுக்கீட்டை ரத்து செய்வோம், கிரயப் பத்திரம் தரமாட்டோம் என்று மிரட்ட அந்தப் பாக்கியே காரணமாகும். விளக்கு எரியாத படியில் வழுக்கி விழுவதும் நாம் இல்லை. முடிவு அங்கே குடியிருப்பவர்களுடையது. "கணக்கைக் காட்டு, எங்கள் பங்கைச் சக்திக்குத் தக்க கட்டுகிறோம்" என்பதே என் கருத்து. கட்டாதவரை விட, கணக்குக் கேட்டுக் கட்டுகிறவரைப் பார்த்துத்தான் அதிகாரிகள் பயப்படுவார்கள்.

இது பேராசை இல்லை. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நீண்டகாலக் குத்தகையில் வீடு வைத்திருப்பவரிடம், அது கவுன்சில் கட்டிய கட்டடமாக இருந்தாலும், நியாயமான அளவுக்கு மேல் பொதுச் சேவைக் கட்டணம் வாங்க முடியாது. செலவுச் சுருக்கத்தைக் கேட்கலாம், ரசீதுகளைப் பார்க்கலாம். வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வரும் வேலை என்றால் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும். சிங்கப்பூரில் நம் தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் அரசு அடுக்குமாடிகளில் டவுன் கவுன்சில் மாதக் கட்டணம் வாங்குகிறது. சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசே அதில் தள்ளுபடி தருகிறது, கணக்குத் தணிக்கை ஆகிறது. அங்கேயும் புகார்கள் உண்டு. ஆனால் புகார் செய்ய ஒரு கணக்குத் தாள் கையில் இருக்கிறது.

நம்மிடமும் ஓர் ஆயுதம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த 10 ரூபாயும் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்த வேலை உங்களுடையது. வாரியத்தின் கோட்ட அலுவலகத்துக்கு இந்தக் கேள்விகளை எழுதுங்கள்:

1. எங்கள் குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணமாகக் கடந்த 3 நிதியாண்டுகளில் வசூலான தொகை எவ்வளவு? அரசின் பங்காக வந்தது எவ்வளவு?
2. அந்தப் பணம் விளக்கு, மோட்டார், லிஃப்ட், துப்புரவு, பழுது என்று எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவானது?
3. கட்டணத்தை இந்த அளவு என்று முடிவு செய்த ஆணையின் நகல் கொடுங்கள்.
4. கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர் குறைகளைத் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எந்தத் தேதி வரை? அதுவரை அவரிடம் எந்தெந்தப் பழுதுக்கு வேலை வாங்கினீர்கள்?
5. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் யாருடன்? கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வது எந்த அமைப்பு, எந்த இயந்திரத்தால்?

பதில் வந்ததும் கூட்டம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுங்கள், அன்றைக்குத்தான் கம்பெனி லீவு. பெண்கள் வந்து உட்காரும் இடத்தில் போடுங்கள், ஏனென்றால் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடியது, லைட் என்றைக்குப் போனது என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது. சங்கத்தில் ரசீது புத்தகம் யார் கையில் என்று கேளுங்கள். சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்டி வரவு செலவை வைத்தே ஆக வேண்டும்.

கிளம்பும்போது அக்காவிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். மகளின் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பிள்ளை உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல ஐந்து கேள்வியையும் எழுதியது. மாடிப்படியில் இருட்டு, செல்போன் வெளிச்சத்தில் இறங்கினோம். கீழே நோட்டீஸ் ஒட்டிய இடத்தில் பிள்ளை நின்று அம்மாவின் பெயரைப் பார்த்தது. "இதுக்குப் பக்கத்துலயே அவங்க பதிலையும் ஒட்டலாமுங்களா அண்ணா?" என்று கேட்டது.

ஒட்டலாம் தங்கச்சி. அந்தச் சுவரும் பொதுதான்.

ஜெய் பீம்.